நூத்திநாப்பதாம் நம்பர் கேள்வி

அந்த ஃபேனுக்குக் கீழ உக்காராதீங்ணா, அது சுத்தாது. இப்படி வாங்க, சன்னல் பக்கம். இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருக்காராம், வந்ததும் கூப்பிடறேன்னு அந்த ரைட்டர் சொன்னாரு. நீங்களும் இந்த சைபர் க்ரைம் ஆபீஸுக்குப் புகார் கொடுக்கத்தான் வந்தீங்களா? சரி, சரி, சொல்ல வேண்டாம். இங்க வர்றவங்க பாதிப் பேரு வாயத் திறக்க மாட்டாங்க, மானம் போயிரும்னு. எனக்கு அந்த வெக்கமெல்லாம் இல்லைங்ணா. எனக்கு ஊரே கேக்கணும்.

இந்தக் காகிதக் கட்டைப் பாக்கறீங்களா? ஒருத்தனோட தலையெழுத்துங்ணா இது. எபநேசர்னு பேரு. இன்னைக்கு இதை உள்ள கொண்டு போயி மேசைல வெச்சேன்னா அவன் இனி இந்தியால எங்கயும் ஒரு கீபோர்டைத் தொட முடியாது. பாவம்னு நினைக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க.

என் பேரு செங்கோட்டுவேல். சொந்த ஊரு சங்ககிரி. இங்க கோயமுத்தூர்ல, சரவணம்பட்டில, ஒரு கம்பெனில ப்ரோக்ராமர். கடை கண்ணில கேமரா மாட்டியிருப்பாங்க பாருங்க, அந்தக் கேமரா பிடிக்கற படத்தையெல்லாம் சேத்து வெக்கற பெட்டி, அதை நாங்கதான் செய்யறோம். வசுமதி மேடம்னு ஒருத்தங்க முதலாளி. தங்கமானவங்க, ஆனா காது கொஞ்சம் மெல்லிசு. யாரு கடைசியாப் பேசறாங்களோ அவங்க சொல்றதுதான் சரின்னு போயிருவாங்க. அதுக்குத்தான் எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் வெச்சாங்க. ரெண்டு பேருக்குள்ள சண்டைன்னா யாரும் பேசக் கூடாது, ட்ரேஸ் எடுக்கணும். ட்ரேஸ்ல என்ன வருதோ அதுதான் தீர்ப்பு. அந்த ட்ரேஸ் எடுக்கற கருவிய எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? நாந்தானுங்க.

அது என்னன்னு சொல்றேன், சுலபந்தான். ஒரு ப்ரோக்ராம் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அது தானாப் போயி டிஸ்கைத் தொட முடியாது. உள்ள கெர்னல்னு ஒருத்தர் உக்காந்திருப்பாரு, இந்த இன்ஸ்பெக்டர் மாதிரி. ‘ஐயா இந்த ஃபைலைத் திறங்க, ஐயா இதைப் படிங்க’ன்னு அவர்கிட்டக் கேட்டுத்தான் எதையும் செய்யணும். அந்தக் கேள்விக்குப் பேருதான் சிஸ்டம் கால். என் கருவி என்ன பண்ணும்னா, வாசல்ல நின்னு ஒவ்வொரு கேள்வியையும் ஒட்டுக் கேட்டு எழுதி வெக்கும். ஆனா ப்ரோக்ராம் தமிழ்லயா பேசும்? எல்லாம் நம்பர். அஞ்சாம் நம்பர் கேள்வி, அதுக்கு மூணு நம்பர். நூத்திநாப்பதாம் நம்பர் கேள்வி, அதுக்கு அஞ்சு நம்பர். அதையெல்லாம் மனுசன் படிக்கற மாதிரிப் பிரிச்சு எழுதறதுதாங்ணா வித்தை. அந்த வித்தை நம்ம கைல.

இந்த நூத்திநாப்பதாம் நம்பர்தான் எல்லாத்துக்கும் காரணம். ஃபைல்னா ஒரு ரோடுன்னு நினைச்சுக்குங்க. படிக்கறதோ எழுதறதோ, எந்த இடத்துல நிக்கறோமோ அங்கதான் நடக்கும். ‘இன்ன இடத்துக்குப் போயி நில்லு’ன்னு சொல்றதுதான் அந்தக் கேள்வி. சீக்குன்னு பேரு. ரோட்டோட ஆரம்பத்துல இருந்து இத்தனை அடின்னு சொல்லலாம், இப்ப நிக்கற இடத்துல இருந்து இத்தனைன்னு சொல்லலாம், கடைசில இருந்தும் சொல்லலாம். எங்க பெட்டில இருக்கற சிப்பு பழைய சிப்புங்க. ஒரு தடவைல நானூத்திச் சில்லறை கோடிக்கு மேல அதால நம்பர் சொல்ல முடியாது. அதனால நம்பரை ரெண்டாப் பிச்சு, மேல் பாதி ஒண்ணு, கீழ் பாதி ஒண்ணுன்னு கொடுக்கும். ஸ்கூட்டர்ல கிலோமீட்டர் ஓடி ஓடி மறுபடி சைபருக்கு வருமில்ல? எத்தனை தடவை அப்படிச் சுத்தி வந்திருக்குதுன்னு சொல்றது மேல் பாதி. இப்ப மீட்டர்ல என்ன தெரியுதோ அது கீழ் பாதி.

நான் என் கருவில கீழ் பாதிய மட்டும் காட்டினேன். ஏன்னு கேளுங்க. எம் மச்சினன் பையன் காதுகுத்து வீடியோ இருக்குது, அஞ்சு நிமிசந்தான் ஓடும், அதை வெச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் மேல் பாதி சைபர். சைபர், சைபர், சைபர். எதுக்குங்ணா அதை அச்சடிச்சு வரிய நீட்டணும்? படிக்கறவங்களுக்குக் கண்ணு வலிக்காதா? நான் அடுத்தவங்க சவுரியத்தை நினைக்கற ஆளு.

எல்லாரையும் உக்கார வெச்சு அந்தக் கருவியக் காட்டற நாள் அது. வசுமதி மேடம் இருக்காங்க, புதுசாச் சேந்த அம்மணிங்க நாலஞ்சு பேரு, கேக் வேற வெட்டியாச்சு. எல்லாம் முடிஞ்சு கை தட்டற நேரத்துல இந்த எபநேசர் கையத் தூக்கறான். நாசரேத்துப் பக்கத்து ஆளு. எனக்கு ஆறேழு வருசம் சின்னவன். "அண்ணே, மேல் பாதிய எங்க விட்டுட்டிய?"ன்னு கேக்கறான்.

அவ்வளவுதான். ஒரு அம்மணி களுக்குன்னு சிரிச்சுது. அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சாங்க. நான் வேட்டி அவுந்த மாதிரி நின்னேன். அடுத்த நாள்ல இருந்து எனக்குப் பேரே ‘கீழ்ப்பாதி’ன்னு ஆகிப்போச்சு. கேண்டீன்ல டீ ஊத்தற ஆளு கூட, "கீழ்ப்பாதி சாருக்குச் சக்கரை கம்மி"ன்னு குரல் கொடுக்கறான். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்ணா. வீட்ல ஒரு மரியாதையோட இருக்கற மனுசன் நான்.

எபநேசர் தனியா வந்து, "அண்ணே, நான் வேணும்னு கேக்கல. ரெண்டே வரிதான், நானே எழுதித் தாரேன்"னான். எழுதித் தர்றானாம். நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அந்த ரெண்டு வரிய என் உசுரு போனாலும் சேக்கறதில்லைன்னு. சேத்தா என்ன அர்த்தம்? அவன் சொன்னது சரின்னு ஆகிரும். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், ‘தம்பி, உனக்கு ஒரு நாள் வரும்’னு. பொறுத்தார் பூமி ஆள்வார். நான் பொறுத்தேன்.

வந்துச்சுங்ணா அந்த நாளு. கேமரா பெட்டில படத்தை எழுதி வெக்கற ப்ரோக்ராம் எபநேசர் எழுதினது. ஒரு துணிக்கடைக்காரர் போன் பண்ணி, படமெல்லாம் அங்கங்க விட்டு விட்டு இருக்குதுன்னு கத்தறாரு. அந்த ஆளு ராத்திரி கடையப் பூட்டறப்ப மெயினையே அணைச்சுட்டுப் போயிருவாரு, பெட்டியும் சேந்து செத்துக் கிடக்கும், அதெல்லாம் சில்லறை விசயம். நான் மேடத்துகிட்டப் போயி, "சண்டை எதுக்குங்க மேடம், ட்ரேஸ் எடுத்துருவோம்"னேன்.

எடுத்தேன். பெரிய திரைல போட்டுக் காட்டினேன். சீக்கு, சீக்கு, சீக்கு, நம்பர் ஏறிக்கிட்டே போகுது. நானூறு கோடியத் தாண்டி ஏறுது. திடீர்னு பாருங்ணா, சடார்னு கீழ விழுந்து நூறு, இருநூறுன்னு மறுபடி ஆரம்பத்துல இருந்து வருது! பழைய படத்து மேலயே போயி எழுதறான் பாவி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்?

எபநேசர் எந்திரிச்சு, "மேடம், இந்த ட்ரேஸ் மேல் பாதியக் காட்டாது, அதான் அப்படித் தெரியுது. படத்தை ஓட்டிப் பாத்துருவோம், ஒண்ணும் அழிஞ்சிருக்காது"ன்னான். நான் விடுவனா? "படத்தை ஓட்டினா என்ன தெரியும், படந்தான் தெரியும். நம்பர்தானுங்க மேடம் உண்மை"ன்னேன். மேடம் என் பக்கம் திரும்பினாங்க. நாந்தான் கடைசியாப் பேசினது.

அந்த மாசத்தோட அவனை அனுப்பிட்டாங்க. அப்பத்தான் அவன் சம்சாரத்துக்கு வளைகாப்பு வெச்சிருந்தான், ஆபீஸ் பூராப் பத்திரிகை கொடுத்திருந்தான். எனக்கும் கொடுத்தான். போனேனுங்ணா. ஏழு வகைச் சோறு, எல்லாத்துலயும் ஒரு கை பாத்தேன். அவன் மொகத்தைப் பாக்கணும்னுதான் போனேன். அவனுக்குக் கொடுக்கற அனுபவச் சான்றிதழ்ல ‘கவனக்குறைவு’ன்னு ஒரு வார்த்தையச் சேக்கச் சொன்னதும் நாந்தான். அந்த வார்த்தையால அவனுக்கு ரெண்டு இடத்துல வேலை தட்டிப்போச்சாம். கேள்விப்பட்ட அன்னைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன்.

என்னங்ணா அப்படிப் பாக்கறீங்க? சித்த நேரம் பொறுங்க, இன்னும் கதை இருக்குது.

போறப்ப அவன் என்ன சொன்னான் தெரியுமா? லிஃப்ட் பக்கத்துல நின்னு, "அண்ணே, கோவமில்ல. ஆனா மேல் பாதியையும் சேத்துக் காட்டுங்க. இல்லன்னா நாளைக்கு நீங்களே மாட்டிக்கிடுவிய"ன்னான். மிரட்டல்! பட்டப்பகல்ல மிரட்டல். புகார்ல முதல் வரியே அதுதான் எழுதியிருக்கேன், பாருங்க.

அவன் போனதும் அந்த ப்ரோக்ராமை மேடம் எங்கிட்டக் கொடுத்தாங்க. "வேலு, நீங்களே சரி பண்ணிருங்க"ன்னாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? உக்காந்தேன். கொஞ்சம் மாத்தறது, ட்ரேஸ் எடுக்கறது. கொஞ்சம் மாத்தறது, ட்ரேஸ் எடுக்கறது. எப்படி மாத்தினாலும் அந்த நானூத்திச் சில்லறை கோடில வந்து சடார்னு விழுகுது. அவ்வளவு ஆழமாத் தப்பு பண்ணி வெச்சிருக்கான். சந்தேகத்துக்கு, கம்ப்யூட்டர் கூடவே வர்ற காப்பி பண்ற ப்ரோக்ராம் இருக்குதில்ல, அதை ஒரு பெரிய ஃபைல்ல ஓட்டி ட்ரேஸ் எடுத்தேன். அதுலயும் அதே மாதிரி விழுகுதுங்ணா! அது எபநேசர் பொறக்கறதுக்கு முன்னாடி எவனோ எழுதினது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பழைய ஆளுங்களே இப்படி அலட்சியமா எழுதி வெச்சிருக்காங்க. அவங்களைப் பாத்துத்தானே இவன் படிச்சிருப்பான், இவனுக்கு எங்க இருந்து வரும் ஒழுங்கு?

கடைசில நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். ரொம்ப சுலபம். அந்த எல்லைக்கு வந்ததும் மேல போகாத, அங்கயே நில்லுன்னு ஒரே ஒரு வரி. போட்டதும் ட்ரேஸ் எடுத்தேன். நம்பர் ஏறுது, ஏறுது, எல்லைக்கு வருது, நிக்குது. எறங்கவே இல்லை! எத்தனை மணி நேரம் ஓட விட்டாலும் அசையல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடுத்த வாரமே எல்லாக் கடைப் பெட்டிக்கும் ஏத்தி விட்டுட்டோம். ஏத்தின அன்னைக்கு வாசல்ல பூசணிக்காய் உடைச்சோம்.

அப்பறம் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? படமா? படம் எல்லைக்கு வந்ததும்... ஆமாங்ணா, அதே இடத்துலதான் எழுதும். ஒண்ணு மேல ஒண்ணு எழுதும். கடைசியா எழுதினது இருக்குமில்ல? முன்னாடி எழுதின ரெண்டு மூணு நாளுப் படமும் பத்திரமா இருக்கும். நடுவுல இருக்கறதுதான் போகும். அதை யாரு பாக்கப்போறா? ட்ரேஸ் சுத்தமா இருக்குது, அதைச் சொல்லுங்க.

அந்த நேரத்துலதான் எபநேசர் தன் வேலையக் காட்டினான். கேட்டுக்குங்க, இதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். எங்க பெட்டி ஒரு நகைக்கடைலயும் மாட்டியிருக்குது. அங்க ஒரு ஜோடி வளையல் காணோம். வளையல் பிரிவுல நின்ன அம்மணி மேல சந்தேகம். அந்தப் புள்ள, ‘நான் எடுக்கல, கேமராவைப் பாருங்க, நான் தட்டைப் பூராச் சூப்பர்வைசர் கைல கொடுத்தேன்’னு அழுகுதாம். பாத்தா அந்த நாளுப் படமே இல்லை. அந்த வாரமே இல்லை. நாங்க புதுசா ஏத்தினதுல இருந்து மொத மூணு நாளு இருக்குது, அப்பறம் கடைசியா ஒரு கண் சிமிட்டற நேரம் இருக்குது, அவ்வளவுதான். படம் இல்லைன்னதும் அந்தப் புள்ளைய வேலைய விட்டு நிறுத்தி, ஸ்டேஷனுக்கும் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எடுத்திருக்கும், யாரு கண்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களை நம்ப முடியுமா?

அது எனக்கு வேண்டாத நாயம். என் கேள்வி என்ன? நான் சரி பண்ணின ப்ரோக்ராம். ட்ரேஸ் பாறை மாதிரி நிக்குது. அப்ப படத்தை அழிச்சது யாரு? வெளிய இருந்து எவனோ உள்ள பூந்து அழிச்சிருக்கான். எவனுக்கு அந்தப் பெட்டியோட உள் வழி தெரியும்? எவனுக்கு எங்க மேல வஞ்சம்? எபநேசர்! இப்ப அவன் மெட்ராஸ்ல ஒரு கம்பெனில சேந்துட்டானாம். புள்ள பொறந்திருக்குதாம். நல்லா இருக்கட்டும், இன்னும் ரெண்டு நாளைக்கு. அந்தக் கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பப் போறேன். வேலையும் போகணும், கேஸும் நடக்கணும், வாய்தா வாய்தாவா இந்த பெஞ்சுல வந்து உக்காரணும். அப்ப நான் இதே சன்னல் பக்கம் வந்து நின்னு பாப்பேன். கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க?

இந்தாங்க, பாருங்க. இதெல்லாம் அந்த நகைக்கடைப் பெட்டில எடுத்த ட்ரேஸ். ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ என் கையெழுத்து இருக்குது. இங்க எல்லைக்கு வந்துருச்சு. இந்தப் பக்கமும் அதே நம்பர். அடுத்த பக்கமும் அதே நம்பர். ஒரு அடி நகரல பாத்தீங்களா? என் திருத்தம் வேலை செய்யுதுங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஏனுங்ணா, சன்னல்ல சாஞ்சுட்டீங்க? சர்க்கரை இருக்குதுங்களா? இந்தாங்க, என் பாட்டில்ல தண்ணி இருக்குது, குடிங்க. காலைல ஒண்ணும் சாப்பிடலையா? எத்தனை நாளாச் சாப்பிடலைங்கறீங்க?

நீங்க எந்த ஊருன்னே நான் கேக்கல பாருங்க, நாம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். சூலூரா? மில்லுல இருந்தீங்களா, சரி. புள்ளைங்க எத்தனை? ஒரே பொண்ணா. எங்க வேலை பாக்குது?

எந்த நகைக்கடை?

அந்த வளையல் பிரிவு அம்மணி உங்க பொண்ணா? அட முருகா. தப்பா எடுத்துக்காதீங்ணா, எடுத்திருக்கும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நாக்கு நிக்க மாட்டேங்குது. கீழ வேப்பமரத்தடில உக்காந்திருந்ததே, மஞ்சள் சுடிதார், அதுங்களா? மொகத்தைப் பாத்தாலே தெரியுது, எடுத்திருக்காது. உங்களையும் அந்தப் படம் காணாமப்போன விசயமாத்தான் இங்க வரச் சொன்னாங்களா? பாருங்க, கடவுள் எப்படிக் கொண்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சிருக்காரு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எதிரிங்ணா! அவன் எனக்கு மட்டுமா கெடுதல் பண்ணினான்? உங்க பொண்ணு பொழப்பையும் சேத்துல்ல அழிச்சிருக்கான்!

என்ன கேக்கறீங்க? அந்த ‘அங்கயே நில்லு’ங்கற வரியப் போட்டது எப்பன்னா? பெட்டில ஏத்தினது ஆடி பதினெட்டுக்கு முந்தின நாளு. பூசணிக்காய் உடைச்சோம்னு சொன்னேனே. வளையல் காணாமப்போனது எப்ப? அதுக்கு மறு வாரமா. ஆங், பாத்தீங்களா, திருத்தத்துக்கு அப்பறம்! சரியாக் கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கான் அந்த எபநேசர்.

போட்டது நான் ஒருத்தன்தானான்னா? வேற யாரு? ஒரு எழுத்துக்கூட வேற யாரும் தொடலைங்ணா, எல்லாம் நான்தான். பேரோட, தேதியோட கம்ப்யூட்டர்ல இருக்குது.

கூப்பிட்டுட்டாங்களா? இன்ஸ்பெக்டர் வந்துட்டாரா? நீங்க முன்னாடி போறீங்களா, நான் போகட்டுங்களா? ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போலாங்கறீங்க, அதுவும் சரிதான். கட்டை நீங்களே வெச்சுக்குங்க, பரவால்லை, கசங்காமப் பிடிங்க.

உங்ககிட்ட இப்பச் சொன்னதை அப்படியே உள்ள சொல்லுவீங்களான்னு கேக்கறீங்க? இதென்னங்ணா கேள்வி. ஒரு வார்த்தை குறையாமச் சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க, அடில கையெழுத்தும் போடறேன். கீழ போயி உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, அதுவும் பக்கத்துல நின்னு கேக்கட்டும்.